வேலையைக் கூட்டுவது வேறு, பொறுப்பைக் கொடுப்பது வேறு

பனியன் கம்பெனியின் தையல் லைனில், துணி ஓரங்களை இணைத்துத் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் இருக்கும் ஒரு டெய்லர் நாள் முழுக்கத் தோள்பட்டை மட்டும் அடிப்பார். கழுத்து ரிப் (கழுத்துப் பட்டி) இன்னொருவர், கை வேறொருவர், பேட்லாக் மெஷினில் அடி மடிப்பவர் தனி. ஆளுக்குச் சலிப்புத் தட்டுகிறது என்று தெரிந்ததும் பல இடங்களில் செய்வது, தோள்பட்டையோடு கையையும் சேர்த்துக் கொடுப்பதுதான். இது பூஜ்யத்தோடு பூஜ்யத்தைக் கூட்டுகிற கணக்கு என்று உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1968-லேயே எழுதிவிட்டார். வேலைக்கு மதிப்பு கூட வேண்டுமானால், மேலே இருப்பவர் எடுக்கும் முடிவுகளில் சில கீழே வரவேண்டும்.

செக்கிங்கில் இருந்து தொடங்குவது நல்லது. தையல் விட்டது, ஊசி ஓட்டை, லேபிள் கோணல் எல்லாம் இப்போது லைனின் கடைசி மேஜையில்தான் பிடிபடுகின்றன. அதற்குள் தைத்தவர் அதே கோளாறோடு பல பண்டல்களை (கட்டுக்கட்டாக வரும் பீஸ்களை) தாண்டியிருப்பார். மழுங்கிய ஊசி பின்னல் துணியின் கண்ணியை அறுத்துவிடும். அந்த ஓட்டை தைக்கும்போது கண்ணில் படாது, இழுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அதனால் ஒவ்வொரு பண்டலிலும் முதல், நடு, கடைசி பீஸ்களைத் தைத்தவரே இழுத்துப் பார்த்து, டேப் வைத்து அளந்து, சீட்டில் தன் பெயரை எழுதட்டும். ஊசி மாற்றுவதையும் அவரே முடிவு செய்யட்டும். பழைய ஊசியை, உடைந்திருந்தால் எல்லாத் துண்டுகளையும், ஒப்படைத்துத்தான் புதியது வாங்க வேண்டும் என்ற விதி அப்படியே இருக்கட்டும்; சூப்பர்வைசர் வந்து பார்க்கும்வரை காத்திருப்பது மட்டும் வேண்டாம்.

பெரும்பாலும் இது கெடுவது கூலியில்தான். பீஸ் ரேட்டில், அதாவது தைக்கும் பீஸ் கணக்கில் கூலி வாங்குபவருக்கு, பார்க்கிற நேரமெல்லாம் நஷ்டம். அந்த நேரத்தையும் ரேட்டில் சேர்க்காவிட்டால் பார்க்காமலே டிக் அடிப்பார்கள். அது அவர்கள் குற்றமல்ல. பொறுப்பைக் கூட்டிவிட்டுச் சம்பளத்தை அப்படியே வைத்திருப்பது, என்ன பெயர் வைத்தாலும், சுரண்டல்தான்.

அடுத்த எதிர்ப்பு சூப்பர்வைசரிடமிருந்து வரும். கையில் இருந்த அதிகாரம் போகிறதே என்ற பயம் நியாயமானது. புதியவர்களைப் பழக்குவது, கட்டிங் பிரிவில் வரும் அளவுக் கோளாறைத் துரத்திப் பிடிப்பது என்று அவருக்கான வேலையை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

தொடக்கத்தில் புரொடக்‌ஷன் குறையும், பதற வேண்டாம். அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் 1960களில், பங்குதாரர்களுக்குக் கடிதம் எழுதும் ஊழியர்களைத் தங்கள் பெயரிலேயே கையெழுத்திட விட்டது. அனுபவமுள்ளவர்களின் கடிதங்களை மேலதிகாரி சரிபார்ப்பதை 100 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைத்தது. முதலில் திறன் சரிந்தது. சில மாதங்களில் பழைய அளவைத் தாண்டி ஏறியது. ஆகவே ஷிப்மென்ட் நெருக்கடியில் தொடங்காதீர்கள். புது ஆர்டர் ஏறும்போது, ஒரே லைனில், வாரத்துக்கு ஒரு மாற்றம் போதும்.

இதன் பிறகுதான் 6 முதல் 8 பேர் சேர்ந்து முழு டி-ஷர்ட்டை முடிக்கும் குழு. யார் எந்த மெஷின் என்பதை அவர்களே பிரித்துக்கொள்ளலாம். முழுக் கூலியையும் குழு போனஸாக்கிவிட்டால், மெதுவாகத் தைப்பவரையும் லீவு எடுத்தவரையும் சக டெய்லர்களே நெருக்குவார்கள். அடிப்படைக் கூலி தனித்தனியாகவே இருக்கட்டும். ஒரே மெஷினில் இருக்க விரும்புகிறவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

ஆல்டர் கணக்கு, அதாவது கோளாறால் திரும்பத் தைக்க வரும் பீஸ்களின் கணக்கு, முதலில் போகவேண்டியது தைத்தவரிடம். செக்கிங்கில் இருப்பவர் பீஸையே கொண்டுவந்து அவரிடம் காட்டட்டும், அன்றைக்கே. மேனேஜருக்கு வாரக் கடைசியில் மொத்தக் கணக்கு போனால் போதும்.