பாலாறு முடியும் இடம் வரை

காட்பாடியில் பிறந்து வளர்ந்த எனக்குக் கடல் என்றால் ஆண்டுக்கு ஒரு முறை மெரினாவுக்குப் போய், சுண்டல் பொட்டலத்தோடு திரும்பி வருவதுதான். இந்த ஆண்டு காணும் பொங்கல் கூட்டம் கலைந்த மறுநாள் அம்மாவையும் மனைவியையும் ஆறாம் வகுப்பில் படிக்கும் மகளையும் அழைத்துக்கொண்டு மாமல்லபுரத்தில் நான்கு நாட்கள் தங்கிவிட்டு வந்தேன். வேலூரிலிருந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் சுமார் 140 கிலோமீட்டர்தான். விடியற்காலையில் கிளம்பினால் சிற்றுண்டி வேளைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

கடல் தெரியும் அறை என்று சொல்லி வாடகையில் கூடுதலாக வாங்கியிருந்தார்கள். போய்ப் பார்த்தால், எதிரே இருந்த இரண்டு மாடிக் கட்டடங்களுக்கு நடுவில் ஒரு முழ அகலத்துக்குக் கடல் தெரிந்தது. சண்டை போட்டுப் பயனில்லை என்று தெரிந்ததும், அறையில் இருக்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். இப்போது நினைத்தால் அது நல்லதாகத்தான் முடிந்தது. கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் அர்ச்சுனன் தவத்தையும் முதல் நாளே பார்த்துவிட்டோம். அவற்றைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை என்பதால் நான் விட்டுவிடுகிறேன்.

மறுநாள் திருக்கழுக்குன்றம். வேதகிரீசுவரர் மலைக்கு ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். உச்சி வெயிலில் வெறுங்காலோடு இறங்க நேர்ந்தது முழுக்க என் திட்டமிடலின் பிழை. வேலூர் வெயிலைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு வெயிலா என்று நானே வாய் விட்டிருந்தேன். உச்சிக்கால வேளையில் மலைமேல் வந்து அர்ச்சகர் கையிலிருந்து சோறு வாங்கி உண்ட இரண்டு கழுகுகளைத் தன் இளமையில் பார்த்திருப்பதாக அம்மா சொன்னார். ஊர் கழுகு என்று அழைத்தாலும் அவை மஞ்சள்முகப் பாறு என்னும் பிணந்தின்னி வகையைச் சேர்ந்தவை. அவற்றின் வருகை நின்று பல ஆண்டுகளாகின்றன. அவை வந்து அமர்ந்த பாறையை மட்டும் மகளுக்குக் காட்டினோம்.

மூன்றாம் நாள் வேடந்தாங்கல். செங்கல்பட்டைக் கடந்து மாமண்டூர்ப் பாலத்தில் ஏறியபோது மகள் ஆற்றின் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு, "அப்பா, இது நம்ம பாலாறா?" என்று கேட்டாள். அதேதான் என்றேன். எங்கள் வீட்டுக்கும் வேலூருக்கும் நடுவில் மணலாகக் கிடக்கும் அதே ஆறு, இங்கே அகலமான படுகையில் இரண்டு மூன்று வாய்க்கால்களாகப் பிரிந்து தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கே ஆற்றின் முடிவையும் பார்த்துவிட வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். நாளைக்கு என்று சமாதானம் சொல்லிப் படாளத்தில் திரும்பினோம்.

வேடந்தாங்கல் சரணாலயம் உண்மையில் ஓர் ஊர் ஏரி. பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். ஏரிக்கரையில் நடந்து போனால், தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள் வெள்ளை பூத்ததைப் போலத் தெரிகின்றன. கிட்டே போனால் அத்தனையும் பறவை. நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, வெண் அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா என்று வாடகைத் தொலைநோக்கியோடு வந்த உள்ளூர்ப் பையன் ஒவ்வொன்றாகக் காட்டினான். நத்தைகுத்தி நாரையின் அலகு முழுவதும் மூடாது. நடுவில் சிறிய இடைவெளி விட்டிருக்கும். ஒரு நாரை சேற்றிலிருந்து நத்தையை எடுத்து, அலகு நுனியால் மூடியைத் தள்ளிச் சதையை உருவி விழுங்கிய பிறகு, ஓடு உடையாமல் தண்ணீரில் விழுந்ததை நாங்கள் நால்வரும் மாறி மாறிப் பார்த்தோம்.

இந்த ஏரியைக் காப்பாற்றியவர்கள் ஊர்க்காரர்கள். பறவைகளைச் சுட வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் மேல் அவர்கள் புகார் கொடுக்க, 1798இல் செங்கல்பட்டுப் பகுதி கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் அவர்களுடைய உரிமையை எழுத்தில் ஒப்புக்கொண்டார். அவர்களுக்கு இதில் பக்தி மட்டும் இருந்தது என்று நினைக்க வேண்டாம். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது; விவசாயிக்கு அந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். தீபாவளிக்கும் இங்கே வெடி வெடிப்பதில்லை. எங்கள் பக்கத்து ஏரிகள் பலவற்றின் கரையில் இன்று குப்பைதான் கொட்டிக் கிடக்கிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

திரும்பும் வழியைச் சற்று வளைத்து உத்திரமேரூருக்கும் போனோம். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலின் அடித்தளக் கல்லில், முதலாம் பராந்தகனின் காலத்துக் குடவோலைத் தேர்தல் விதிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, போட்டியிடுபவர் 35 வயதுக்குக் குறையாமலும் 70 வயதுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்கக் கூடாது. உறவினர் பற்றிய அந்த வரியை மனைவி இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார். ஊராட்சி அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் அவர்.

நான்காம் நாள் தெற்கே திரும்பினோம். சுமார் 17 கிலோமீட்டரில் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் துணி வாணிகத்துக்காகக் கட்டிய செங்கல் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. உள்ளே இருக்கும் கல்லறைப் பலகைகளில் எழுத்து அவ்வளவு நேர்த்தியாகச் செதுக்கப்பட்டிருக்கிறது, அச்சில் வார்த்ததோ என்று தொட்டுப் பார்க்கத் தோன்றும். எங்கள் வேலூர்க் கோட்டையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் கோட்டை ஒரு தானியக் கிடங்கு அளவுக்குத்தான் தெரிந்தது. அங்கே நாங்கள் இருந்தது முக்கால் மணி நேரம்.

அதற்குத் தெற்கே, கல்பாக்கத்தைத் தாண்டியதும் வயலூர். கடற்கரைக் கோயிலைக் கட்டிய அதே பல்லவ மன்னன் ராஜசிம்மன் தன் முன்னோர் பெயர்களை வரிசையாக வெட்டி வைத்த கல்தூண் இந்தச் சிற்றூரின் சிவன் கோயிலில் இருக்கிறது. நடை சாத்தியிருந்ததால் அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்தைக் கடந்து, மீனவர் குப்பம் ஒன்றின் வழியாக மணலில் நடந்தோம்.

கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, மொத்தம் 348 கிலோமீட்டரும் அதில் தமிழ்நாட்டில் மட்டும் 222 கிலோமீட்டரும் கடந்து வரும் ஆறு, கடைசி நூறடியில் மிகவும் தயங்குகிறது. கடல் தள்ளிய மணல்திட்டு குறுக்கே கிடக்க, அதன் இந்தப் பக்கம் ஆறு குளம்போல அசையாமல் நிற்கிறது. ஓர் ஓரத்தில் மாட்டு வண்டி அகலத்துக்கு ஒரு வாய், அதன் வழியாக ஒரு அலை உள்ளே வருகிறது, கொஞ்சம் தண்ணீர் வெளியே போகிறது. வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், 2021 நவம்பர் வெள்ளத்தின்போது இந்தத் திட்டே இருந்த இடம் தெரியவில்லை என்றார். அந்த நாட்களில் நாங்கள் காட்பாடிப் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கரை புரண்டு ஓடிய பாலாற்றை வாய் பிளந்து பார்த்தோம். நாங்கள் பார்த்த தண்ணீர்தான் இவரிடம் வந்திருக்கிறது.

அம்மா புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் இறங்கி, ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினார். உப்பு. சற்று மேலே தடுப்பணை கட்டியிருப்பதற்குக் காரணமே அதுதான் என்று பெரியவர் விளக்கினார்: ஆற்றில் நீர்வரத்து குறைந்து, மணலும் அள்ளப்பட்டுவிட்டால், கடல்நீர் படுகைக்கடியில் உள்நாட்டுக்கு ஏறிக் கிணறுகளைக் கெடுத்துவிடும்.

ஊர் திரும்பும் நாளில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கும் போனோம். ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய அந்த இடம் மகளுக்கு மிகவும் பிடித்தது. எனக்கு முதலைகளைவிட, 1978இல் உருவான இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் விஷம் எடுத்த பாம்புகளை மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள் என்ற செய்தி பிடித்தது. ஆலம்பரைக் கோட்டைக்கு நேரமில்லை.

மறுநாள் காலை வாசல் தெளித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது: "கடலெல்லாம் பாத்துட்டுதாம்மா வந்தேன். நாம இங்க ஆத்துல தண்ணி இல்ல, தண்ணி இல்லன்றோம். அங்க போய்ப் பாரு, கடலு ஆத்துக்குள்ள வந்துடப் போவுதுன்னு செவுரு கட்டி வெச்சிகிறாங்க."