வெட்டுப்புள்ளி வரும்வரை

எங்கள் முகநூல் விளம்பரத்தின் கீழே அந்தத் தாயார் கேட்ட கேள்வியை, பொறுப்பாளர் சொன்னபடி மறைத்துவிட்டு இன்பொக்ஸில் பேசியிருந்தால் அவருடைய மகளுக்கு அது நன்மையாக முடிந்திருக்குமோ என்று இன்றும் யோசிக்கிறேன். மறைப்பது சரியல்ல என்றுதான் அன்று நினைத்தேன். அந்த நினைப்பில் இப்போதும் மாற்றமில்லை. இருந்தும், நான் செய்தது சரி என்று முழு மனதோடு சொல்லவும் வருவதில்லை.

உயர்தரப் பெறுபேறு வெளிவந்தவுடன் எங்கள் தனியார் கல்வி நிறுவனத்தின் முகநூல் பக்கத்தில் வணிக முகாமைத்துவப் பட்டப்படிப்புக்கான விளம்பரத்தை இட்டு, அதற்குக் காசும் கட்டி, யாழ்ப்பாணத்தைச் சுற்றி வட்டம் போட்டு, பதினெட்டு முதல் இருபத்திரண்டு வயதினருக்குக் காட்டும்படி அமைத்திருந்தோம். குறித்த திகதிக்கு முன்னர் பதிபவர்களுக்குக் கட்டணக் கழிவு. வழக்கமான கேள்விகள் வந்தன: பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரம் உண்டா, தவணையாகக் கட்டலாமா, வார இறுதி வகுப்பு இருக்கிறதா. இவற்றுக்கெல்லாம் எங்களிடம் ஆயத்தப் பதில்கள் உண்டு. அவற்றுக்கு நடுவே இது வந்தது: “சேர், மகளுக்குக் கொமர்ஸில ஒரு ஏ ரெண்டு பி. கம்பஸ் கிடைக்குமோ எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறம். வெட்டுப்புள்ளி வருமட்டும் பொறுக்கலாமோ, இப்பவே காசைக் கட்டுறதோ?” வெட்டுப்புள்ளி என்பது அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகத் தேவையான ஆகக் குறைந்த புள்ளி. பெறுபேறு வந்து மாதங்கள் கழித்தே அது வெளியாகும்.

பொறுப்பாளர் பார்த்தவுடன், “இதை ஹைட் பண்ணிப்போட்டு இன்பொக்ஸில கதையும்” என்றார். முகநூலில் மறைக்கப்பட்ட கொமென்ட், எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் மட்டும் வழமைபோலத் தெரியும். மற்றவர்கள் கண்ணில் படாது. தான் கேட்டது எல்லோர் முன்னாலும் இருக்கிறது என்றே கேட்டவர் நம்பிக்கொண்டிருப்பார். இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அழித்துவிட்டாலாவது அவருக்குத் தெரியவரும். ஆனால், பொறுப்பாளர் தந்த காரணத்தையும் தள்ளிவிட முடியாது. பிள்ளையின் பெறுபேறு ஊரெல்லாம் பார்க்கக் கிடப்பது நல்லதல்ல என்றார். போட்டி நிறுவனங்கள் எங்கள் பக்கத்துக் கொமென்டுகளைப் பார்த்து அந்தக் குடும்பத்தைத் தேடிப் போவார்கள் என்றார். முதலாவதும் இரண்டாவதும் ஒரே மூச்சில் வந்ததால், எது உண்மையான காரணம் என்று நான் சந்தேகப்பட்டேன். இரண்டுமே உண்மையாக இருந்திருக்கலாம்.

நான் மறைக்கவில்லை. அதன் கீழேயே இப்படி எழுதினேன்: “அரச பல்கலைக்கழக அனுமதியே உங்கள் முதல் விருப்பம் என்றால், வெட்டுப்புள்ளி வெளியாகும்வரை காத்திருக்கலாம். கழிவு முடிந்தாலும் அடுத்த பிரிவில் சேர வாய்ப்பு உண்டு. அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டாம்.” இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

ஆனால், என் மேசையிலேயே கடந்த ஆண்டின் வெட்டுப்புள்ளி அட்டவணை கிடந்தது. மாணவர்களின் பெறுபேற்றுடன், பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பயன்படும் இசட் புள்ளியும் மாவட்ட நிலையும் வந்துவிடுகின்றன. அகில இலங்கைத் திறமைக்கு 40 வீதம், மாவட்டத்துக்கு 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் என்ற இடப் பங்கீட்டில் ஒரு பிள்ளை எங்கே நிற்கிறாள் என்பதைக் கடந்த ஆண்டோடு ஒப்பிட்டு ஓரளவு சொல்லலாம். ஓரளவுதான். இசட் புள்ளி அந்தந்த ஆண்டில் தோற்றிய மற்றவர்களின் புள்ளிகளோடு சேர்த்துக் கணிக்கப்படுவதால், ஒரு ஆண்டின் வெட்டுப்புள்ளியை அடுத்த ஆண்டுக்கு அப்படியே நம்பியிருக்க முடியாது. இருந்தாலும், இசட் புள்ளி என்னவென்று நான் கேட்கவே இல்லை. பலர் பார்க்கும் இடத்தில் அதைக் கேட்பது முறையல்ல. இன்பொக்ஸில் கேட்டிருக்கலாம், ஆனால், இன்பொக்ஸை நாங்கள் எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று எனக்குத் தெரியும். “இடங்கள் முடியப்போகுது அம்மா” என்ற வசனம் அங்கேதான் வாழ்கிறது. அதற்குப் பயந்தே வெளியில் எழுதினேன் என்று சொல்வேன். ஊர் பார்க்க நேர்மையாக இருப்பதில் ஒரு சுகமும் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

என் பதிலுக்கு விளம்பரத்தைவிட அதிகமாக லைக் விழுந்தது. “இப்படி நேராகச் சொல்லும் இடம் இருக்கிறதா” என்று எழுதிவிட்டு இன்பொக்ஸுக்கு வந்தவர்கள் பலர். அவர்களில் சிலர் கழிவுத் திகதிக்கு முன்னரே பதிந்தார்கள். பொறுப்பாளர் ஒன்றும் சொல்லவில்லை.

மாதங்கள் கழித்து வெட்டுப்புள்ளி வந்தது. அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. “நீங்கள் பொறுக்கச் சொன்னபடியால்தான் நிண்டனாங்கள். இப்ப கழிவும் இல்லை எண்டுறீங்கள்” என்று அதே கணக்கிலிருந்து செய்தி வந்தது. நான் பொறுக்கச் சொல்லவில்லையே, பொறுக்கலாம் என்றுதானே எழுதினேன் என்று உடனே என் பழைய பதிலைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அது அந்தத் தாயாருக்கு எழுதிய பதிலாகவே தோன்றவில்லை. பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களுக்கு எழுதியதாகவே தோன்றியது. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. இருபத்திரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நாங்கள் அந்த விளம்பரத்தைக் காட்டவில்லை. மகள் காட்டித் தாய் எழுதினாரா, அல்லது தாயின் பெயரில் மகளே கேட்டாளா என்பது எனக்குத் தெரியாது. மகள்தான் என்றால், அவள் கேட்டது காசைப் பற்றி மட்டுமாக இருந்திருக்காது.

கழிவைத் திரும்பத் தரும்படி பொறுப்பாளரிடம் கேட்டேன். அரசின் வட்டியில்லா மாணவர் கடன் 2017 முதல் இருந்தாலும் எங்கள் படிப்பு அதற்குள் வராது. ஆகவே, அந்தக் குடும்பத்துக்குக் கழிவு சின்னத் தொகை அல்ல. “ஒராளுக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கவேணும். இன்பொக்ஸில எடுத்திருந்தா அண்டைக்கே கணக்குப் பாத்துச் சொல்லியிருக்கலாம்” என்றார். அவர் சொன்னது சரி. அவர் கணக்குப் பார்த்திருந்தால், தெளிவாகத் தகுதி பெறக்கூடிய பிள்ளைக்கும் “சேருங்கோ” என்றுதான் சொல்லியிருப்பார் என்பதும் சரி. இந்தப் பிள்ளையின் விடயத்தில் மட்டும் அந்த ஆலோசனை பலித்திருக்கும். கடைசியில் தவணை வசதி மட்டும் பெற்றுக்கொடுத்தேன். அவர்கள் வரவில்லை.

இந்த ஆண்டு விளம்பரத்தை வடிவமைக்கக் கூடியபோது, பொறுப்பாளர் என் பழைய பதிலின் படத்தைத் திரையில் போட்டு, “இதுதான் எங்கட ஸ்ரைல்” என்றார். “அவசரம் வேண்டாம், வெட்டுப்புள்ளி வரும்வரை யோசியுங்கள்” என்பது இப்போது எங்கள் தலைப்பு. ரிக்ரொக்கிலும் ஓடுகிறது, நல்ல வரவேற்பும் உண்டு. கழிவு முடியும் திகதியோ இம்முறையும், வெட்டுப்புள்ளி வருவதற்கு முன்னரே விழக்கூடியதாகத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் திகதியைத் தலைப்பின் கீழே சிறிய எழுத்தில் தட்டச்சுச் செய்து அனுப்பியதும் நான்தான்.