காற்றின் எடையை அளந்த மலை

விடுமுறைக்குப் பிரான்ஸ் செல்பவர்களில் பெரும்பாலோர் பாரிஸோடு திரும்பிவிடுகிறார்கள். மலை ஏறும் ஆசை உள்ளவர்கள் ஆல்ப்ஸுக்குப் போகிறார்கள். நாட்டின் நடுவிலுள்ள ஓவெர்ன் பகுதிக்கு நாங்கள் சென்றது புய் த டோம் என்ற ஒரே மலைக்காகத்தான். கிளெர்மோன் ஃபெரான் நகருக்கு மேற்கே, வடக்குத் தெற்காக வரிசைகட்டி நிற்கும் சுமார் 80 எரிமலைகளில் மிக உயரமானது இது, 1,465 மீட்டர். பல ஆயிரம் ஆண்டுகளாக அடங்கிக் கிடக்கும் இந்த மலைத்தொடரை 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

2012 முதல் உச்சிக்குப் பற்சக்கர ரயில் ஓடுகிறது. கால்கள் ஒத்துழைக்கும் வரை நடப்பதே மேல் என்பது என் எண்ணம். 1,078 மீட்டர் உயரத்திலுள்ள செசா கணவாயில் கோவேறு கழுதைக்காரர் பாதை தொடங்குகிறது. முதலில் மரநிழலிலும், பிறகு வெயில் நேராக விழும் புல்சரிவிலும் வளைந்து வளைந்து ஏறும் அந்தப் பாதையில், மூச்சு வாங்கும்போதெல்லாம் நின்றுகொள்வதற்கு ஒவ்வொரு வளைவும் ஒரு சாக்கு. காலடியில் கிடக்கும் கல் வெளிர்சாம்பல் நிறத்தது, எளிதில் உதிர்வது. நகரத்துப் பேராலயத்தைக் கட்டிய கரிய எரிமலைக் கல்லைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். இங்கே வெளிவந்த குழம்பு மிகவும் கெட்டியானது. வழிந்தோட முடியாமல் வெளிவந்த இடத்திலேயே குவிந்து மலையாகிவிட்டது. ஆகவே உச்சியில் எரிமலை வாயைத் தேடினால் ஏமாற்றம்தான்.

உச்சியில் ஒலிபரப்புக் கோபுரம், உணவகம், பயணிகள் கூட்டம் எல்லாம் உண்டு; அழகு என்று சொல்ல மாட்டேன். 1870களில் வானிலை ஆய்வுக்கூடம் கட்டத் தோண்டியபோது வெளிப்பட்ட ரோமானியர் காலத்து மெர்க்குரி தெய்வத்தின் கோயில் அடித்தளங்களும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் நான் தேடி வந்தது 1648 செப்டம்பர் 19 அன்று நடந்த ஒரு சோதனையின் இடத்தை. கண்ணாடிக் குழாயில் பாதரசத்தைத் தாங்கி நிறுத்துவது காற்றின் எடைதான் என்றால், உயரே போகப்போக மேலேயுள்ள காற்று குறைந்து பாதரச மட்டம் இறங்க வேண்டும் என்று கருதிய பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல், பாரிஸிலிருந்து தன் அக்காள் கணவர் ஃப்ளோரென் பெரியேவுக்குக் கடிதம் எழுதி இந்த மலையில் அதைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். பெரியே ஒரு பாதரசக் குழாயை நகரத்து மடம் ஒன்றின் தோட்டத்தில் வைத்து, அதை நாள் முழுவதும் கவனிக்க ஒரு துறவியை அமர்த்தினார். இன்னொரு குழாயுடன் ஊர்ப் பெரியவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு மலை ஏறினார். உச்சியில் பாதரசம் ஏறக்குறைய எட்டு சென்டிமீட்டர் தாழ்ந்து நின்றது. அதோடு திருப்தியடையாமல், அங்கிருந்த சிறு தேவாலயத்துக்குள்ளும் திறந்த வெளியிலும் மாற்றி மாற்றி அளந்தார், அளவு மாறவில்லை. கீழே துறவியின் குழாயும் நாள் முழுதும் அசையவில்லை. அந்தக் கீழ்க்குழாயை வைத்ததில்தான் பெரியேவின் கெட்டிக்காரத்தனம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது; அது இல்லாவிட்டால், வானிலை மாறியதால் வந்த வேறுபாடு என்று யாரும் தள்ளிவிட்டிருக்கலாம்.

எங்களிடம் பாதரசம் இல்லை. நகரத்துக் கடையில் வாங்கிப் பையில் போட்டிருந்த சிப்ஸ் பாக்கெட், உச்சியில் எடுத்தபோது, வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்ததால், ஓரத்தையல் விறைக்க உப்பியிருந்தது. மகள் அதை விரலால் தட்டிக் காட்டினாள். பாஸ்கலைப் பற்றி நான் வழியெல்லாம் சொன்னதைவிட அது அவளுக்கு நன்றாகவே புரிந்தது.

இறங்குவதற்கு வடக்குப் பக்கத்து ஆட்டுப் பாதையே நல்லது. அதன் வழியே இறங்கி மேலும் நடந்தால் பரியூ என்ற இன்னொரு எரிமலை வருகிறது. 1,209 மீட்டர்தான் என்றாலும், எரிமலை என்றதும் மனத்தில் எழும் வடிவம் பிசகாமல் இதில் இருக்கிறது. பசும்புல் போர்த்திய வட்டமான வாயின் விளிம்பைச் சுற்றி நடக்கலாம். மண் அரிக்காமலிருக்க ஏற்றத்தில் மரப்படிகள் போட்டிருக்கிறார்கள். ஒரு நாளில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு நான் பரியூவைத்தான் சொல்வேன். மாலையில் அடிவார விடுதிகளில் த்ருஃபாத் கேளுங்கள். உருளைக்கிழங்கையும் இளம் பாலாடைக்கட்டியையும் சேர்த்து வதக்கும் இந்த ஊர்ப் பண்டத்தில் பன்றி இறைச்சி சேர்ப்பதும் உண்டு என்பதால், சைவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.