எங்கள் கண்மாய் குடிமராமத்துக்கு வந்த கதை

2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்துபோக, மறு ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. சிவகங்கை மாவட்டத்திலுள்ள எங்கள் கண்மாயின் உள்வாயில், அதாவது நீர் தேங்கும் உட்பரப்பில், அப்போது ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. இப்போதெல்லாம் மழை பெய்யாமலே ஏய்க்கிறது, இல்லையென்றால் மூன்று நான்கு நாளில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்து கிடந்ததால் கொட்டிய நீரும் எங்களுக்குத் தங்கவில்லை.

2017 மார்ச்சில் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளுடன், நீர்நிலைகளை ஊர் மக்களின் பங்களிப்போடு பழுதுபார்க்கும் குடிமராமத்துத் திட்டம் தொடங்கியது. மதிப்பீட்டில் 90 விழுக்காடு அரசு தந்தது. மீதிப் பத்தைப் பாசன விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உடலுழைப்பாகவோ தரவேண்டியிருந்தது. நாங்கள் முதலில் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் மனுக் கொடுத்து, பல மாதம் காத்திருந்து ஏமாந்தோம். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ள கண்மாய் அப்போது பொதுப்பணித் துறையைச் சேர்ந்தது. எங்களுடையது 190 ஏக்கர். இதை முதல் நாளே ஒருவர் சொல்லியிருக்கலாம்.

பணத்தைவிட எங்களைப் படுத்தியது ஆயக்கட்டுதாரர் பட்டியல்தான். வேலையை எடுத்துச் செய்யவேண்டிய பாசனதாரர் சங்கத்தை 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்வதற்கு முன், யாரெல்லாம் உறுப்பினர் என்று முடிவாக வேண்டியிருந்தது. பட்டாவைப் பார்த்தால் பாதிப் பெயர்கள் இறந்துபோனவர்களுடையவை. எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கான அடங்கலைப் பார்த்தால் குத்தகைக்கு உழுபவர் பெயர் எங்குமே இல்லை. கண்மாய் நிரம்பினால் பிழைப்பவரும் வற்றினால் பட்டினி கிடப்பவரும் அவர்தான் என்பதால், பட்டாக் கையில் இல்லாவிட்டாலும் கூட்டத்தில் பேசும் உரிமை அவருக்கு உண்டு என்று தீர்மானம் எழுதிக்கொண்டோம். அதற்கே மூன்று கூட்டங்களும் ஒரு பங்காளிச் சண்டையும் ஆயின.

2019-20 பட்டியலில் இடம்பெற்ற 1,829 பணிகளில் எங்களுடையதும் ஒன்று. மதிப்பீடு 34 லட்சம் என்றதும் ஏக்கருக்கு 1,800 ரூபாய் வீதம் பிரித்தோம். கொடுக்க இயலாதவர்கள் சீமைக்கருவேலம் வெட்டியும் கரையில் மண் அணைத்தும் கணக்கைத் தீர்த்தார்கள். தோண்டிய வண்டலை வயலுக்கு அடித்துக்கொள்ள நஞ்சை ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90 கனமீட்டர் என்று விதி இருந்ததால், அதற்குத் தனியே அனுமதி வாங்கிக்கொண்டோம்.

வேலை உத்தரவு ஆகஸ்ட்டில்தான் கைக்கு வந்தது. வயலுக்கு நீர் திறக்கும் மடையையும் மிகுநீர் வழியும் கலுங்கையும் சரிசெய்து முடிக்கும்போது அக்டோபர் பிறந்துவிட்டது. பொறியாளர் அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் ஏறாத வேலைக்குப் பணம் வராது. தோண்டிய ஆழத்தை அளப்பதற்காக உள்வாயில் மூன்று இடங்களில் வெட்டாமல் மண் திட்டு விட்டிருந்தோம். அளக்க வருவதாகச் சொன்ன நாள் இரண்டு முறை தள்ளிப்போக, அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கண்மாய் நிறைவதைக் கரையில் நின்று பார்த்த மகிழ்ச்சியிலும், திட்டுகள் ஒவ்வொன்றாக மூழ்குவதைப் பார்த்தபோது சங்கப் பொருளாளரான எனக்கு வயிறு கலங்கியது. ஏற்கெனவே பதிவான மண்வேலைக்கு மட்டும் பில் போட்டார்கள். எஞ்சிய செலவு எங்கள் தலையில் விழுந்தது.

மறு கோடையில் நீர் இறங்கியதும் மூன்று திட்டுகளும் வெளியே தெரிந்தன. நாங்களே நாடா பிடித்து அளந்து, படமெடுத்து மனுவோடு கொடுத்திருக்கிறோம்.