பழைய நெட்புக்கில் எல்எக்ஸ்டிஇ

அலமாரியில் சும்மா கிடந்த நெட்புக்கில் (சின்ன லேப்டாப்) டெபியன் 12 என்ற லினக்ஸைப் போட்டு, அதன்மேல் எல்எக்ஸ்டிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்பை ஏற்றியிருக்கிறேன். உள்ளே இருப்பது 2008இல் வந்த இன்டெல் ஆட்டம் என்270 பிராசசர். 32 பிட், ராம் 1 ஜிபி, பிராசசரின் டிடிபி (வேலை செய்யும்போது வெளிவிடும் வெப்பத்தின் அளவு) வெறும் 2.5 வாட். விண்டோஸ் 11 எல்லாம் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

எல்எக்ஸ்டிஇ, தைவானைச் சேர்ந்த ஹாங் ஜென் யீ 2006இல் தொடங்கிய திட்டம். விண்டோக்களைக் கவனிக்க ஓபன்பாக்ஸ், ஃபைல்களுக்கு பிசிமேன்எஃப்எம், கீழே ஒரு பட்டை, அவ்வளவுதான். நிழல், மினுக்கு எதுவும் கிடையாது. மெனுவைத் தொட்டதும் திறக்கிறது. தட்டச்சு, பிடிஎஃப், பாட்டு எல்லாம் தடங்கலில்லாமல் ஓடுகின்றன.

பிரவுசரைத் திறந்தால்தான் கதை வேறு. டெஸ்க்டாப் எவ்வளவு ஒல்லியாக இருந்தென்ன, நாலு டேப் திறந்தால் ராம் காலி. இசட்ராம் போட்டுவிட்டால், ராமில் இருப்பதையே சுருக்கி வைத்துக் கொஞ்சம் மூச்சுவிட இடம் தருகிறது. யூடியூபுக்கு இந்தப் பெட்டி ஆகாது, இப்போதே சொல்லிவிடுகிறேன். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டினால் நல்ல வித்தியாசம் தெரியும்.

அப்புறம், டெபியன் 13இல் 32 பிட் இன்ஸ்டாலரே இல்லை. இந்த மாதிரிப் பெட்டி வைத்திருப்பவர்கள் 12ஓடு நிற்கலாம், அல்லது பழைய கணினிகளுக்கான இன்னொரு லினக்ஸான ஆன்டிஎக்ஸ் 23 பக்கம் போகலாம்.