அங்க ஐஸ், இங்க உப்பு

அக்கான்ர வீட்டு பைப் வெடிச்ச செய்தி வந்தது பட்டிப்பொங்கலண்டு விடிய, மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டு நிக்கேக்குள்ள. அக்காவும் அத்தானும் லீவுக்கு வந்து திருகோணமலையில எங்களோடதான் நிண்டவை. கனடாவில, ஹமில்டன்ல அவையின்ர வீட்டுச் செடிக்குத் தண்ணி ஊத்தப் போன பக்கத்து வீட்டுக்காரி போன் எடுத்து, குசினிச் சுவருக்குள்ளால தண்ணி கொட்டுது, கீழ பேஸ்மென்ட் குளமாக் கிடக்கு எண்டா. எங்களுக்குக் காலம ஏழு மணி, அங்க முதல்நாள் இரவு எட்டரை. அத்தான் குடிச்சுக்கொண்டிருந்த தேத்தண்ணியை அப்பிடியே வச்சிட்டு டிக்கெட் பார்க்க வெளிக்கிட்டார்.

1912இல கட்டின செங்கல் வீடு அது. காஸ் காசை மிச்சம் பிடிப்பம் எண்டு மனுசன் ஹீட்டரை நல்லாக் குறைச்சு வச்சிட்டு வந்திருக்கிறார், வெளிய மைனஸ் 20. (அக்கா இதை இன்னும் விடேல்ல, விடவும் மாட்டா.) ஐஸ் கட்டின இடம்தான் வெடிக்கும் எண்டு நான் நினைச்சிருந்தன், அப்பிடி இல்லையாம். தண்ணி உறையேக்குள்ள கிட்டத்தட்ட 9 வீதம் பெருக்கும், ஐஸ் பைப்பை அடைச்சுக்கொண்டு வளர வளர, அதுக்கும் பூட்டின டெப்புக்கும் நடுவில மாட்டுப்பட்ட தண்ணிக்குப் போக வழியில்லாம அமுக்கம் ஏறித்தான் வெடிக்கிறதாம். மெயின் வால்வைப் பூட்டி பைப்பில இருந்த தண்ணியைத் திறந்து விட்டிட்டு வந்திருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல.

அத்தான் போய் இறங்கினவுடன வந்த கொன்ட்ராக்டர் சுவர் முழுக்க உடைச்சு ஜிப்சம் போர்ட் அடிப்பம், ரெண்டு கிழமையில முடிச்சுத் தாறன் எண்டிருக்கிறான். நல்ல காலம், பழைய வீட்டு வேலை மட்டும் செய்யிற ஒரு கிழவன் அகப்பட்டார். அவர் செய்ததை வட்ஸ்அப் வீடியோவில நானும் பார்த்தனான். உள்ளங்கையை விரிச்சுச் சுவரில வச்சு மெதுவா அமத்திக்கொண்டே போறார். அந்தக் காலச் சுவர் எண்டா வரிசையா மெல்லிசு மரச் சிலாகை அடிச்சு அதுக்கு மேல சுண்ணாம்புச் சாந்து பூசினது, சாந்து சிலாகை இடைவெளிக்குள்ளால பிதுங்கி அங்கால கொக்கி மாதிரிப் பிடிச்சுக்கொண்டு நிக்கும். அமத்தேக்குள்ள அசைஞ்சா கொக்கி அறுந்து போச்சு, அசையாட்டி வெறும் நனைவுதான், காய விட்டாச் சரி. அறுந்த இடங்களையும் வாஷர் போட்டு ஸ்குரூவால இழுத்துக் கட்டிட்டார். கடைசியில வெட்டி எறிஞ்சது ஒரு பாய் விரிக்கிற அளவு.

காய வைக்கிற கதைதான் எனக்குப் புதுசு. இஞ்ச மார்கழி மழையில உடுப்பே மூண்டு நாளாக் காயாது. அங்க உறைகுளிர் காத்தில ஈரம் எண்டு பெரிசா ஒண்டும் இல்ல, அதை வீட்டுக்குள்ள எடுத்துச் சூடாக்கினா வறண்டு போய் சுவரில இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். ஆனா ஆத்திரப்பட்டுச் சூட்டை ஏத்தினா மரம் வெடிக்கும். நிலப்பலகையெல்லாம் பொருமி ஓரம் தூக்கி நிண்டது, அத்தான் உடன சீவுவம் எண்டு துடிக்க, இப்ப சீவினா காஞ்சாப் பிறகு நடு தூக்கும், பேசாம இரும் எண்டு கிழவன் பேசிப்போட்டார். ஆனி மட்டும் பலகையில கை வைக்கேல்ல.

அந்தக் கொன்ட்ராக்டர் செங்கல்லுக்கு உள்பக்கம் ஃபோம் அடிக்கவும் கேட்டவன். அடிச்சா வீட்டுச் சூடு கல்லுக்குப் போகாது, நனைஞ்ச கல் குளிரிலயே கிடந்து உறைஞ்சு முகம் உரிஞ்சு விழும். கல்லைவிட இறுக்கமான சீமெந்தால இடுக்கை அடைச்சாலும் இதே கதிதான், ஈரம் இடுக்கால வெளியேற ஏலாமக் கல்லுக்குள்ளயே நிண்டிடும்.

இதைக் கேட்டவுடனதான் எனக்கு எங்கட முன்சுவர் ஞாபகம் வந்தது. டச் பே கடல்காத்து நேர வந்து அடிக்கிற அப்பப்பா காலத்து வீடு, முருகைக்கல்லும் (கடல் பவளக்கல்) சுண்ணாம்பும். 2020 மார்கழி 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் கரையேறேக்குள்ள ஓடு கிளம்பிச் சுவர் ஊறிப்போச்சு. ஊறின கையோட சீமெந்தால பூசுவிச்சது நான்தான், ஒருத்தரும் சொல்லித்தரேல்ல. அடுத்த வருசமே தட்டினா வெறுஞ்சத்தம், பிறகு அப்பளம் மாதிரிப் பொங்கி உப்புப் பூத்து ஒரு பாளமா விழுந்தது, பின்னால முருகைக்கல் மாவாக் கொட்டுது. அடியால ஏறின ஓதத்துக்கு வெளிய போக வழியில்ல, ஈரம் போற இடத்தில உப்பு கட்டி கட்டிக் கல்லை உடைக்குது. அங்க ஐஸ் செய்யிற வேலையை இஞ்ச உப்பு செய்யுது. கோட்டைப் பக்கத்து மான் ஒண்டு ஒருநாள் கேற்றுக்குள்ளால வந்து அந்த இடத்தை ஆறுதலா நக்கிக்கொண்டு நிண்டது.

இப்ப சீமெந்து முழுக்கக் கொத்தி எடுத்தாச்சு. சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச மேசன் ஒருத்தரைத் தேடிப் பிடிக்கவே நாலு மாசம், வயசு எழுபதுக்கு மேல, ஒரு பூச்சுப் பூசிட்டு அடுத்ததுக்குக் கிழமைக்கணக்கா வரமாட்டார். எப்ப வருவீங்கள் எண்டு கேட்டா, "அவசரமெண்டா வேற ஆளைப் பிடி தம்பி" எண்டுறார். வெயில் பட்டு வெடிக்காம இருக்கச் சுவர் முழுக்க ஈரச்சாக்கு தொங்குது, ரெண்டு கிழமையா வீட்டுச் சனம் எல்லாம் குசினிக் கதவாலதான் போய் வருகுது.