கணவனைத் தூக்கிய கதை

மூன்று வருடமாக இழுத்தடித்த விண்வெளிக் கதையில் கப்பல் தலைவிக்கு ஒரு கணவனை வைத்திருந்தேன். அவன் வாயைத் திறந்தாலே கதை படுத்துவிடும். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1969இலேயே ஒரு நாவலில், நிரந்தரமாக ஆணோ பெண்ணோ இல்லாத மனிதர்கள் வாழும் பனிக்கிரகத்தை எழுதிவிட்டார். அதைப் படித்து முடித்த இரவு, கணவனைத் தூக்கிவிட்டு இன்ஜின் அறைப் பெண்ணை அந்த இடத்தில் வைத்தேன்.

காற்றழுத்தம் குறைகிறது. தலைவி தன் கையுறையைத் தேடாமல் இன்ஜின் அறைப் பெண்ணுக்கு அவளுடைய கையுறையை இழுத்து மாட்டிவிடுகிறாள். அவ்வளவுதான் காட்சி. நான் எழுதியதில் உருப்படியான முதல் காதல் காட்சி அதுதான். (என்னைப் பற்றி எனக்கே சிலது புரிந்ததும் அன்றைக்குத்தான். சரி, அது வேறு கதை.)

அப்புறம் இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பின. 'அறிவியல் புனைகதைக்கு இதெல்லாம் எதற்கு?' என்றார் ஓர் ஆசிரியர். ஒளியைவிட வேகமாகப் பறக்கும் கப்பலைப் பற்றி அவருக்குச் சந்தேகமே வரவில்லை!

மூன்றாவது இதழ் எடுத்துக்கொண்டது. அடுத்த மாதம் வருகிறது.